கொழும்பில் உங்கள் ஒழுங்கையின் தேவையை அடுத்த ஆண்டுப் பாதீட்டுக்குள் கொண்டுபோவது எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து கொழும்பில் குடியேறியிருக்கிறீர்கள். வாடகை வீடாகவும் இருக்கலாம், சொந்த வீடாகவும் இருக்கலாம். ஒரு மணி நேர மழைக்கே ஒழுங்கையில் முழங்கால் அளவு நீர் நிற்கிறது. வடிகானுக்கு மூடி இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் நடைபாதை இல்லை. யாரிடம் போவது, எந்தக் கடிதம் எழுதுவது, எந்த மாதத்தில் எழுதுவது என்று ஒருவரும் கோவையாகச் சொல்லித் தருவதில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்காரர் பல அலுவலகப் படிகளை ஏறி இறங்கித் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: முறைப்பாடு வேறு, திட்ட முன்மொழிவு வேறு. அடைபட்ட வடிகானைத் துப்புரவு செய்யச் சொல்வது முறைப்பாடு. அதற்கான ஆளும் பணமும் மீண்டெழும் செலவில், அதாவது ஆண்டுதோறும் வரும் வழக்கமான செலவில், ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு தொலைபேசி அழைப்பிலேயே வேலை முடியலாம். வடிகானை அகலமாக்கச் சொல்வதும் புதிய மதகு போடச் சொல்வதும் மூலதனச் செலவு, அதாவது புதிதாகக் கட்டுவதற்கான செலவு. அதற்குப் பொறியியலாளரின் மதிப்பீடு வேண்டும், முன்னுரிமைப் பட்டியலில் இடம் வேண்டும், அடுத்த ஆண்டுப் பாதீட்டில் ஒதுக்கீடு வேண்டும். மூலதன வேலையை முறைப்பாடாக எழுதிக்கொடுத்தால் ஒவ்வொரு முறையும் யாராவது வந்து மண்ணை அள்ளிவிட்டுப் போவார்கள். கோப்பில் ‘தீர்க்கப்பட்டது’ என்று பதிவாகிவிடும். இந்த வேறுபாட்டை எந்தக் கருமபீடத்திலும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

1. பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான கடிதங்கள் இறந்துபோவது இந்த இடத்தில்தான். தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் உரிய இடத்துக்கு அனுப்பப்படும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கொழும்பு நகருக்குள் ஒழுங்கைகள், பெரும்பாலான தெருக்கள், தெருவோர வடிகான்கள், குப்பை அகற்றல், பொதுச் சுகாதாரம் ஆகியன மாநகர சபையின் பொறுப்பு. நகர எல்லைக்குள் கழிவுநீர்க் குழாய்களும் மாநகர சபையுடையவை; குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. குடிநீர்க் குழாய் உடைந்ததற்கு ஓரிடம், அதே தெருவில் கழிவுநீர் பொங்கியதற்கு வேறிடம் என்பதைப் புதிதாக வருபவர்கள் அறிந்திருப்பதில்லை. நகரின் பெரிய கால்வாய்களை இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் பராமரிக்கிறது. நாடு முழுவதும் ‘ஏ’, ‘பி’ தர வீதிகள் பொதுவாக வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அரசு கட்டிய தொடர்மாடி என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபையா தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையா என்று உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு வகை உண்டு. தேசிய பாடசாலை கல்வி அமைச்சின் கீழும் மற்றவை மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழும் வரும். மாகாண மட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேல் மாகாண சபைக்கு 2014இல் தேர்தல் நடந்தது. 2019 ஏப்ரலில் பதவிக்காலம் முடிந்த பின் நிருவாகம் ஆளுநரின் கையில் இருக்கிறது. ஆகவே மாகாண சபை உறுப்பினரைத் தேடி அலையாமல், உரிய மாகாணத் திணைக்களத்துக்கு எழுதி, பிரதான செயலாளருக்குப் பிரதி அனுப்புங்கள்.

உங்கள் வட்டாரம் எது, கிராம உத்தியோகத்தர் பிரிவு எது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நகரம் இரண்டு பிரதேச செயலகங்களாகப் பிரிந்திருக்கிறது: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனையில் இருப்பவர் முதலாவதற்கும் வெள்ளவத்தையில் இருப்பவர் இரண்டாவதற்கும் போக வேண்டும். வட்டார எல்லையும் கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லையும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

2. மாதத்தைத் தவறவிடாதீர்கள்

அரசின் நிதியாண்டு ஜனவரி 1ஆம் திகதி தொடங்கி டிசம்பர் 31ஆம் திகதி முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் திணைக்களங்கள் நடு ஆண்டிலிருந்தே திரட்டத் தொடங்கிவிடும். நிதி அமைச்சின் பாதீட்டுச் சுற்றறிக்கை வந்த பின் அமைச்சுகள் தங்களுக்குக் கொடுத்த உச்ச வரம்புக்குள் பட்டியலைச் சுருக்கும். நாடாளுமன்றத்தில் பாதீட்டு உரை வழக்கமாக நவம்பரில் இடம்பெறும். 2026ஆம் ஆண்டுக்கானது 2025 நவம்பர் 7ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்டது. பத்திரிகைகளில் பாதீட்டுச் செய்தி சூடுபிடிக்கும்போது கடிதம் எழுதுபவர்கள் அநேகம் பேர். அப்போது பட்டியல் மூடப்பட்டிருக்கும்.

ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை தகவல் திரட்டுங்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஆவணங்களைத் தயாரியுங்கள். ஜூன் முடிவதற்குள் முன்மொழிவைக் கையளியுங்கள். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையும் மே மாதத்தில் வெசாக் விடுமுறையும் வரும். அதிகாரிகளைச் சந்திப்பது கடினம். வீட்டிலிருந்து எழுதும் வேலையை அந்தக் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். வெள்ளப் படங்கள் எடுக்க வேண்டியவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

உச்ச வரம்பு ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று கேட்பீர்கள். 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டிக் கொடுப்பனவு நீங்கலான அரச செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் நிற்கச் சொல்கிறது. புதிய வேலை ஒன்று உள்ளே வர வேண்டுமானால் வேறொன்று வெளியே போக வேண்டும். உங்கள் ஒழுங்கைக்காக வெளியே போகப்போவது எது என்று முடிவெடுக்கும் அதிகாரிக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் தேவை. அந்தக் காரணத்தை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. ஆவணக் கட்டைத் தயாரியுங்கள்

ஒரு பக்கக் கடிதம், படங்கள், கையால் வரைந்த வரைபடம், கையொப்பத் தாள், பழைய கடிதங்களின் பிரதிகள். இவ்வளவு போதும். வக்கீல் தேவையில்லை, வரைபடக் கலைஞரும் தேவையில்லை. கடிதம் எழுதித்தரப் பணம் கேட்பவர்களை நாடாதீர்கள்.

கடிதத்தின் முதல் வரியிலேயே கேட்பதைக் கேளுங்கள்: ‘மேற்படி ஒழுங்கையின் இடதுபக்க வடிகானை இத்தனை மீற்றர் நீளத்துக்கு அகலப்படுத்தி மூடியிடும் வேலையை அடுத்த ஆண்டு மூலதன வேலைத்திட்டத்தில் சேர்க்குமாறு கோருகிறோம்.’ நீளத்தை நீங்களே அளந்து எழுதுங்கள். துணிக்கடை அளவு நாடா போதும். எத்தனை வீடுகள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், எத்தனை முதியவர்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஒழுங்கையில் இறங்கி எண்ணுங்கள். ‘பெருந்தொகையான மக்கள்’ என்று எழுதினால் எவரும் படிக்கமாட்டார்கள்.

அடுத்த பத்தியில் உங்கள் தேவையை அரசு தானே அறிவித்திருக்கும் முன்னுரிமையோடு இணைத்துக்காட்டுங்கள். தேங்கிய நீர் என்றால் டெங்கு ஒழிப்பு. மூடியில்லாத வடிகான் என்றால் பாதசாரிகளின் பாதுகாப்பு. குப்பை சேரும் மூலை என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் ஏற்படுத்திய வெள்ளத்தின் பின் அனர்த்தத் தணிப்பு எல்லா மட்டங்களிலும் பேசப்படுகிறது. உங்கள் ஒழுங்கைக்குள் அப்போது நீர் வந்திருந்தால் அதைத் திகதியோடு எழுதுங்கள். மேற்பூச்சுக்காக இதைச் சொல்லவில்லை. அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பில் எந்தத் தலைப்பின் கீழ் இதைப் போடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். உண்மையில் பொருந்தும் தலைப்பை மட்டும் காட்டுங்கள். ஒரே வடிகானுக்கு எல்லாத் தலைப்புகளையும் அடுக்கினால் நம்பிக்கை போய்விடும்.

படத்துக்குக் கொஞ்சம் மெனக்கெடுங்கள். வெள்ளத்தை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர் வெள்ளமாகவும் இருக்கலாம். வீட்டு இலக்கத் தகடு தெரிய வேண்டும். அளவு குறித்த ஒரு தடியை நீரில் நட்டு, நீர்மட்டம் தடியில் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்பது தெரியும்படி எடுங்கள். மழை விட்டு மூன்று மணி நேரம் கழித்து அதே இடத்தில், அதே தடியோடு இன்னொரு படம். நீர் இன்னும் வடியவில்லை என்பதை இந்த இரண்டாவது படம்தான் சொல்கிறது. நிறைந்த வடிகானுக்கும் போதாத வடிகானுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறியியலாளர் அதிலிருந்து புரிந்துகொள்வார். படத்தின் பின்புறத்தில் திகதி, நேரம் எழுதுங்கள். வர்ணப் பிரதிக்குக் கூடுதல் செலவாகும். முக்கியமான இரண்டு படங்களுக்கு மட்டும் வர்ணம் போதும்.

கையொப்பத் தாளில் பெயர், வீட்டு இலக்கம், கையொப்பம் இருந்தால் போதும். அடையாள அட்டை இலக்கங்களையும் தொலைபேசி எண்களையும் எல்லோரிடமும் வாங்கி ஒரே தாளில் எழுதாதீர்கள். அந்தத் தாள் எத்தனை கைகளுக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. வாடகைக்கு இருப்பவர்களும் கையொப்பமிடலாம். ஆதன வரி ரசீதின் பிரதி ஒன்று ஒழுங்கையில் யாரிடமாவது கிடைத்தால் இணையுங்கள். இடத்தைச் சரியாக அடையாளம் காண உதவும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. யாராவது ‘சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால், பணிவோடும் உறுதியோடும் மறுத்துவிட்டு ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அதே சமயம், கடிதத்தோடு அரைப்பக்கச் சிங்களச் சுருக்கம் ஒன்றையும் இணைப்பது நல்லது என்பது என் அனுபவம். உரிமையை விட்டுக்கொடுக்கும் காரியம் அன்று அது. மொழிபெயர்ப்பாளரின் மேசையில் கோப்பு கிடக்கும் வாரங்கள் மிச்சமாகும். அயலில் சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பார், கேளுங்கள். பதில் தமிழில் தர மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

4. கையளித்த அத்தாட்சியை வாங்காமல் வெளியே வராதீர்கள்

இரண்டு பிரதிகளோடு போங்கள். ஒன்றை ஒப்படைத்து, மற்றதில் திகதி முத்திரையும் பதிவு இலக்கமும் வாங்குங்கள். எழுதுவினைஞர் இலக்கத்தைப் பென்சிலால் மூலையில் குறித்துத் தந்தால், பேனாவால் எழுதித்தரக் கேளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு விசாரணையிலும் முதலில் கேட்கப்படுவது அந்த இலக்கம்தான். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியில் ஒட்டிவையுங்கள்.

மாநகர சபைக்கு என்றால் மாநகர ஆணையாளருக்கு முகவரியிட்டு, மாநகர முதல்வருக்கும் உங்கள் பகுதிப் பொறியியலாளர் அலுவலகத்துக்கும் பிரதி போடுங்கள். நகர மண்டபத்துக்குப் போகுமுன் பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் கடிதம் கொடுக்கலாம், பொறியியலாளரைக் காண முடியாமல் போகலாம். எந்த அமைச்சு, எந்த அலுவலகம் என்றே தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலையத்தின் இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம்.

பதில் வந்ததும் கவனமாகப் படியுங்கள். ‘நிதி கிடைக்கும் பட்சத்தில் கவனத்தில் கொள்ளப்படும்’ என்று இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். உங்கள் வேலை இன்னும் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘மதிப்பீடு தயாரிக்கப்படுகிறது’ என்று இருந்தால் ஒரு படி ஏறியிருக்கிறீர்கள். மதிப்பீட்டுத் தொகை குறிப்பிடப்பட்டிருந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

5. பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரண மக்களுக்குக் கிடைத்திருக்கும் மிகக் கூர்மையான கருவி. பயப்பட வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. காரணம் சொல்லத் தேவையில்லை. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். படிவம் 1 இருக்கிறது. வெறும் தாளில் எழுதினாலும் செல்லும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதிகாரி அதை எழுத்தில் எடுக்க வேண்டும்.

ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். விண்ணப்பத்தை அவருக்கு முகவரியிடுங்கள். கேள்வியை அமைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எங்கள் வடிகானை ஏன் இன்னும் திருத்தவில்லை?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. சட்டம் தருவது அலுவலகத்தில் இருக்கும் பதிவுகளை. விளக்கம் தரும்படி அது அதிகாரியைக் கட்டாயப்படுத்தாது. இப்படிக் கேளுங்கள்:

அ. இன்ன திகதியில் இன்ன இலக்கத்தின் கீழ் கையளித்த கடிதம் தொடர்பான கோப்புக் குறிப்புகளின் பிரதி.
ஆ. அந்த வேலைக்காகத் தயாரித்த மதிப்பீட்டின் பிரதி.
இ. நடப்பு ஆண்டில் எங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கிய மூலதன வேலைகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய தொகையும்.

மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். வட்டாரத்தில் வேறெந்த வேலைகளுக்குப் பணம் போகிறது என்று தெரிந்தால்தான் உங்கள் வேலை ஏன் முந்த வேண்டும் என்று வாதாட முடியும். நாங்கள் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்த பிறகுதான் எங்களோடு பேசியவர்களின் தொனி மாறியது.

கால எல்லைகள்: முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தருவதென்று முடிவானால், கட்டணம் செலுத்திய பின் 14 நாட்களுக்குள் தகவல் கிடைக்க வேண்டும். பெருந்தொகை ஆவணமாக இருந்தால் மேலும் 21 நாள் வரை நீட்டிக்கலாம். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அதிலும் பயனில்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் போகலாம். வேலை நாட்களை எண்ணும்போது பௌர்ணமி விடுமுறைகளைக் கழிக்க மறவாதீர்கள்.

செலவு: ஏ4 அளவில் முதல் நான்கு பக்கங்களுக்கும் மின்னஞ்சலில் வரும் தகவலுக்கும் கட்டணம் இல்லை. அதற்கு மேல் நிழற்பிரதிக்கு ஒரு பக்கம் 2 ரூபாய், இருபக்கத் தாள் 4 ரூபாய். ஆவணங்களை நேரில் பார்வையிட முதல் மணி நேரம் இலவசம், பின்னர் மணிக்கு 50 ரூபாய். வேறு சட்டத்தின் கீழ் தனிக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்ட ஆவணங்களுக்கு மட்டும் அந்தக் கட்டணம் பொருந்தும்.

6. கடிதத்துக்குக் குரல் கொடுக்க ஒருவரைத் தேடுங்கள்

கோப்பு தானாக நடக்காது. உங்கள் வட்டார உறுப்பினரிடம் கடிதத்தின் பிரதியையும் படங்களையும் கொடுங்கள். கட்சி பார்க்காதீர்கள், எதிர்க்கட்சி உறுப்பினரும் சபையில் கேள்வி எழுப்பலாம், நிலையியற் குழுவில் பேசலாம். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாராகுமுன் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். கால்வாயும் வடிகானும் சந்திக்கும் இடம்போல இரு நிறுவனங்களின் பொறுப்பு மோதும் பிரச்சினைகளுக்கு அந்தக் கூட்டமே தகுந்த இடம். இரு தரப்பும் ஒரே மேசையில் இருப்பதால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. நாடாளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவும் இருக்கிறது. அங்கே நேரடியாக அனுப்ப முடியாது, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் ஊடாகவே மனு போக வேண்டும்.

யாராவது ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்த வழியில் எந்தப் படிக்கும் அப்படி ஒரு கட்டணம் இல்லை.

7. ஆண்டின் கடைசி மாதங்கள்

மாநகர சபையின் வரைவுப் பாதீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் அறிவித்தலைக் கவனித்திருங்கள். அவகாசம் குறுகியது. வட்டாரத்தின் பெயரை வைத்துத் தேடாமல் வேலைத் தலைப்பை வைத்துத் தேடுங்கள். ‘வடிகான் மேம்பாடு’ என்ற ஒரே தொகைக்குள் பல வட்டாரங்கள் அடங்கியிருக்கலாம். உங்கள் ஒழுங்கை அதற்குள் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக ‘இருக்கிறது’ என்று சொல்வதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

8. பக்கத்தில் பெரிய திட்டம் வந்தால்

அதிவேக வீதி, பெரும் கட்டடம், குப்பை நிலையம் என்று ஏதாவது அறிவிக்கப்பட்டால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியாகிறதா என்று வர்த்தமானியிலும் தமிழ் நாளிதழிலும் பாருங்கள். அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். பொறி இருக்கும் இடம் இது: ‘ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை’ என்ற சிறிய அறிக்கைக்கு அந்த 30 நாள் கருத்துக்கோரல் கட்டாயமில்லை. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு உரியது, ஆனால் நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களைத் தொடங்குமுன் மூன்று மாதத்துக்கு முன்பே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அறிவிப்பதும் அமைச்சரின் கடமை. அப்படி அறிவிக்கவில்லையென்றால் அதையே உங்கள் கடிதத்தின் முதல் பத்தியாக்குங்கள்.

9. ஒதுக்கீடு கிடைத்த பின்

பணம் ஒதுக்கியாயிற்று என்று கேட்டதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பெறுகை நடைமுறை (விலைமனு கோரி ஒப்பந்தக்காரரைத் தெரிவு செய்வது) முடிய மாதங்கள் ஆகும். டிசம்பர் 31க்குள் செலவழியாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டு மறுபடி பட்டியலில் இடம்பிடிக்க வேண்டும். ஏப்ரலில் விலைமனு கோரப்பட்டதா என்று கேளுங்கள். ஜூலையில் ஒப்பந்தக்காரர் தெரிவாகியிருக்கிறாரா, வேலை தொடங்கும் திகதி எது என்று கேளுங்கள். செப்டம்பர் பிறந்தும் ஒழுங்கையில் மண்வெட்டி விழவில்லையென்றால், மதிப்பீட்டின் பிரதியையும் பழைய பதிவு இலக்கத்தையும் வைத்து, அடுத்த ஆண்டுக்கான கடிதத்தை அந்த வாரமே கையளித்துவிடுங்கள்.